ஆள் உயிரோடை

நோட்டரி வேலை எண்டால் கையெழுத்தும் சீலும்தான் எண்டு சனம் நினைக்குது. கவுண்டருக்குப் பின்னாலை இருந்து பேப்பர் பாத்து மாயிற உங்களுக்குத் தெரியும், வாற ஆக்களின்ரை கதையைக் கேக்கிறதுதான் முக்கால்வாசி வேலை. தொண்ணூறுகளிலை கனடாவிலை, ஸ்காபரோவிலை ஒரு தமிழ்க் கடைக்கு மேல்மாடியிலை நான் ஒஃபிஸ் வைச்சிருந்தன். ஊரிலை இருக்கிற சொந்தத்தைக் கூப்பிட ஸ்பொன்சர் பேப்பரோடை வாற கூட்டத்துக்குள்ளை, வருஷத்துக்கு ஒருக்கா ஒரு அதிசய மனிசரும் வருவார்.

நிண்டபடி

செல்லத்துரை அங்கிள் வெள்ளைக்காரன் காலத்திலை மலாயா ரெயில்வேயிலை கிளாக்கர். பென்சன் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பினவர், வயசுபோன காலத்திலை சண்டைக்குப் பயந்து ஒஷாவாவிலை இருக்கிற மகனிட்டை வந்து சேர்ந்தார். ஆள் உயிரோடை இருக்கிறார் எண்டு வருஷாவருஷம் ஒரு நோட்டரி கண்ணாலை கண்டு கையெழுத்து வைச்சால்தான் அந்தப் பென்சன் ஓடும்.

முதல் வந்த அண்டைக்கு வெளியிலை கொட்டோ கொட்டெண்டு ஸ்நோ. மனிசன் கோட்டும் ரையும், நெற்றி நிறையத் திருநீறும், மினுக்கின சப்பாத்தும். பின்னாலை அவரின்ரை மனிசி மனோன்மணி அன்ரி. கதிரையைக் காட்டினன், அன்ரி இருந்தா, அவர் இருக்கேல்லை. அவர் வேலை செய்த ராச்சியம் போய், கொடி மாறி, நாட்டின்ரை பேரும் மாறிப்போச்சு. இவர் மட்டும் அப்பிடியே நிமிர்ந்து நிக்கிறார். இருங்கோ அங்கிள் எண்டு திரும்பவும் சொன்னன்.

"அரசாங்கம் என்னைப் பாக்கேக்கை நான் இருந்து பழக்கமில்லைத் தம்பி."

மார்கழிச் சிக்கல்

அந்தப் பேப்பரிலை ஜனவரி பிறந்தாப் பிறகுதான் கையெழுத்து வைக்கவேணும். ஜனவரி முதல் பாதி மார்கழி மாசம். அங்கிள் மார்கழியிலை ஒரு நல்ல காரியமும் செய்யமாட்டார். தை பிறக்கும்வரை பொறுக்கவும் அவருக்கு மனமில்லை. அடுத்த முறை, கார்த்திகை முடியமுன்னம் ராகுகாலம் இல்லாத நேரம் பாத்து வந்து நிண்டார். இது சரிவராது, ஜனவரியிலை வாங்கோ எண்டு தலைபாடா அடிச்சுச் சொன்னன். கேட்டால்தானே, அண்டைக்கே கையெழுத்து வாங்கி அனுப்பினார்.

பேப்பர் திரும்பி வந்தது, பென்சனும் நிண்டுபோச்சு. டிசம்பரிலை ஆள் இருந்தது சரியாம், ஜனவரியிலை இருந்ததுக்கு அத்தாட்சி இல்லையாம். தன்னை வேலைக்கு எடுத்தது ராசாவின்ரை ஆக்கள், அவைதான் பொறுப்பு எண்டு அங்கிள் லண்டனுக்கு எழுதினார். நாடு கைமாறேக்கை உங்கடை பென்சனும் கைமாறிப்போச்சு, மலேசியா அரசாங்கம்தான் இப்ப பொறுப்பு எண்டு அவை மரியாதையாப் பதில் போட்டினம். எனக்கு விசர் வந்திட்டுது. அவர் கோவிக்கவே இல்லை.

"டிசம்பரிலை இருந்தவன் ஜனவரியிலையும் இருப்பான் எண்டு கடவுளே பொறுப்பெடுக்கிறேல்லை, அரசாங்கம் என்னெண்டு எடுக்கும்?"

மகன் காருக்குப் போனாப் பிறகு

புதுப் பேப்பர் நிரப்ப மகன் கூட்டிக்கொண்டு வந்தான். இரவு ஷிப்ற் முடிச்சு, நித்திரையில்லாத கண்ணோடை வந்த பிள்ளை. உங்களை நான் பாக்கமாட்டனோ அப்பா, ஏன் இந்தக் கரைச்சல் எண்டு கேட்டான். அங்கிள் காரைச் சூடாக்கச் சொல்லி அவனைக் கீழை அனுப்பினார். ஸ்பொன்சரிலை வந்த வயசுபோன ஆக்கள் இந்த நாட்டுப் பென்சனுக்குப் பத்து வருஷம் காத்திருக்கவேணும், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"எனக்கில்லைத் தம்பி, என்ரை பேர் அங்கை வெட்டுப்பட்டால் எனக்குப் பிறகு மனிசிக்கு வாற விதவைப் பென்சனும் போயிடும், மகன் எவ்வளவு நல்லவன் எண்டாலும், அவ பஸ்ஸுக்குக் காசு கேட்டு நிக்கக்கூடாது."

அன்ரியின்ரை முறை

நிண்ட பென்சன் திரும்ப ஓடத் தொடங்கிச்சுது. கொஞ்சக் காலத்தாலை அங்கிள் கண்ணை மூடினார்.

அதுக்கு அடுத்த தை, மனோன்மணி அன்ரி விதவைப் பென்சன் பேப்பரோடை தனிய வந்தா. ஒஷாவாவிலையிருந்து பஸ் மாறி மாறி, ஆரிட்டையும் கேக்காமல் தன்ரை காசிலை ரிக்கற் எடுத்து வந்திருக்கிறா. ஸ்நோ பூட்ஸைக் கழட்டி வைச்சா. ஜக்கெற்றைக் கழட்டித் தான் வழக்கமா இருக்கிற கதிரையிலை போட்டா. பிறகு அங்கிள் நிக்கிற இடத்திலை வந்து நிமிர்ந்து நிண்டா. நானும் எழும்பி நிண்டுதான் கையெழுத்து வைச்சன்.

"ஊரிலை பங்கருக்குள்ளை கிடக்கேக்கை ஒரு அரசாங்கமும் கேக்கேல்லை; நான் உயிரோடை இருக்கிறனோ எண்டு இப்பத்தான் ஒண்டு கேக்குது, வடிவா எழுதிவிடு தம்பி."

பெரிய ராச்சியம் போய்ச் சேர்ந்திட்டுது, அதின்ரை கிளாக்கரின்ரை மனிசி தைக்குத் தை பஸ் ஏறி வந்து உயிரோடை நிக்கிறா, ரெண்டுக்கும் சாட்சி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற நான்.