சித்திக்கு மட்டும் கேட்ட சத்தம்

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, வெளிநாட்டில் நம் தூதரகத்தில் வேலை பார்த்த சித்தி நீண்ட விடுப்பில் சேலையூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த வெளிநாட்டில் ஒரு காலை தலை வாரிக்கொண்டிருந்தபோது இடது காதில் ஏதோ ரீங்காரம் பாய, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். கூட வேலை பார்த்த சிலருக்கும் அப்படியே ஆனதாம். அன்றிலிருந்து நடந்தால் தள்ளாட்டம். பேசும்போது பாதியில் சொல் தொலைந்துபோகும். ரீங்காரம் மட்டும் நிற்கவேயில்லை.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் ஸ்கேன் எடுத்தார்கள். "எல்லாம் நார்மல்" என்று அப்பா ஒவ்வொரு முறையும் இனிப்பு கொடுப்பவர் போல வந்து சொல்வார். எல்லாப் பரீட்சையிலும் பாஸான ஒருத்தி இப்படி முகம் வாடுவது எனக்கு விந்தையாக இருந்தது. மனசுதான் காரணமோ என்று அம்மா சமையலறையில் முணுமுணுப்பாள்.

எனக்கோ அந்தச் சத்தத்தை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். சித்தியின் காதோடு காது ஒட்டிப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசனைதான் வந்தது.

"எப்படி இருக்கும் சித்தி?"

"கொசு மாதிரி. ஆனா இரும்புக் கொசு."

ஒரு ஞாயிறு மதியம் கரண்ட் போய்த் தெருவே அடங்கியது. அப்போது எங்கிருந்தோ 'ங்' என்று மெல்லிய முனகல். "சித்தி, எனக்கும் கேக்குது" என்றேன்.

அவள் என் கையை இறுகப் பிடித்தாள். "நிஜமாவா? அக்கா, இவளுக்கும் கேக்குதாம்." அம்மாவைக் கூப்பிட்ட அந்தக் குரலில் அத்தனை சந்தோஷம். நான் முன்னே போக, அவள் சுவரைத் தடவியபடி பின்னால் வந்தாள். அறை அறையாகத் தேடிச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். பழைய இன்வெர்ட்டர். அப்பா வந்து அதை அணைத்தார். ஃபேனும் நின்றது, முனகலும் நின்றது.

"நின்னுடுச்சு சித்தி" என்று குதித்தேன். அப்பா சிரித்தார். சித்தி இடப்பக்கம் தலையைச் சாய்த்து, காதைப் பொத்தியும் திறந்தும் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தான், அதைத் திரும்பப் போடுங்க."

புழுக்கம் தாங்கவில்லை போலும் என்று அப்பா போட்டார். சித்தி என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். "இப்போ உனக்குக் கேக்குதா?" என்றாள். கேட்கிறது என்றேன். என் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடிக்கொண்டாள்.

பின்னாளில் அவள் வேலையை விட்டுவிட்டாள். அவளுக்கு என்ன நோய் என்று இன்றுவரை எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த ஞாயிறன்று கரண்ட் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. அவ்வளவு பாடுபட்டுப் பிடித்துக் கொடுத்த தொல்லையை, வேண்டுமென்று கேட்டு ஏன் திரும்ப வாங்கிக்கொண்டாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.