ஞாயிற்றுக்கிழமை ஒறுத்தல்

விழுப்புரத்தில் நான் சைக்கிள் கடை வைத்திருந்த காலத்தில், ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டு முடித்தால் ஒரு டீ குடிப்பேன். டீக்கடைக்காரர் கேட்காமலே கூடுதலாக ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுவார். எனக்குப் போடுகிற சர்க்கரையில் இன்னொரு ஆளுக்கும் டீ ஆற்றலாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வாய்க்குத்தான் சுகர் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதை விழுங்குவதில் சிரமமில்லை. பதினோரு மணி ஆனால் கால் டீக்கடைப் பக்கம் இழுக்கும், அதற்குத்தான் மாத்திரை இல்லை. என் மனைவி காய்ந்த ஆவாரம்பூ, தட்டிய சுக்கு, கொத்துமல்லி விதை, கொஞ்சம் சீரகம் போட்டுச் சுண்டக் கொதிக்கவைத்து பிளாஸ்கில் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். உடம்பு எதையும் கேட்கவில்லையாம், வாய்தான் வேலையில்லாமல் கிடக்கிறதாம், அதற்கொரு வேலை கொடுக்க வேண்டுமாம். முதலில் குமட்டியது. போகப்போக, சுக்குக் காரம் தொண்டையில் இறங்கியதும் ஆசை கொஞ்ச நேரம் அடங்குவது தெரிந்தது. அது சுகரைக் குறைத்ததா என்று எனக்குத் தெரியாது. டீயைக் குறைத்தது.

இதை நாங்கள் வெளியில் சொல்லவில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். எப்படியோ தெரிந்துகொண்டு 'சுகர் குடும்பம்' என்று யாரோ சொல்லப்போய், கோலியனூர்ப் பக்கம் ஒரு நல்ல இடம் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தது.

அப்புறம் திண்டிவனத்தில் ஒரு வரன் கூடி வந்தது. பையனை எங்கள் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் அது; அப்போது கல்யாணம் வைக்க மாட்டார்கள், பேசி முடிக்கலாம் என்று கூப்பிட்டார்கள். நானும் மனைவியும் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். சம்பந்தம் பேசப் போன வீட்டில் இனிப்பைத் தொடாவிட்டால் சம்மதமில்லை என்று ஆகிவிடும். பஸ்ஸிலேயே ஒரு வழி யோசித்தோம். தவக்கால ஒறுத்தல், இனிப்பை விட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டியது.

பையனின் அப்பா மாதா கோயிலில் வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். அவர் மனைவி நெய் மினுங்கும் கேசரியைக் கொண்டுவந்து வைத்தார். நான் பக்தியாகக் கைகூப்பி, ஒறுத்தல் என்றேன்.

"இன்னிக்கி ஞாயித்துக்கெழமையாச்சிங்களே," என்றார் உபதேசியார் மெதுவாக. "ஞாயிறு ஒறுத்தல் கணக்குல வராதுங்க."

காலையில் பூசை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தோம். இரண்டு பேருக்கும் அது தோன்றவேயில்லை. மனைவி என் பக்கம் திரும்பவில்லை. சாப்பிடாமல் இருந்தால் மனமில்லை என்று நினைப்பார்கள். காரணத்தைச் சொன்னால் இந்த இடமும் போய்விடலாம். பெண்ணிடம் என்ன சொல்வது? பொய்யிலேயே இன்னும் கொஞ்சம் போகத் துணிவில்லாமல் சுகர், மாத்திரை, பிளாஸ்க் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சம்மதத்தில் குறையில்லை, வாயைத்தான் கட்டிப்போட்டிருக்கிறது என்றேன்.

உபதேசியார் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க பொண்ண கேட்டோமா, உங்க ரத்தத்த கேட்டோமாண்ணே? முன்னாடியே சொல்லியிருந்தா இம்மாம் நேரம் அடுப்பாண்ட நின்னு கேசரி கிண்டிக்கினு இருந்திருப்பனா?"

என் மனைவியிடமிருந்து பிளாஸ்கை வாங்கி எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றினார். உபதேசியார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இதைக் குடித்தால் ஞாயிறும் ஒறுத்தல் கணக்கில் சேர்ந்துவிடும் என்றார். ஈஸ்டர் கழித்துத் தேதி பார்க்கலாம் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

என் தட்டை அந்த அம்மா என் மனைவி பக்கம் நகர்த்தி, சம்மதத்துக்கு என் பங்கையும் அவளே சாப்பிடட்டும் என்றார். எனக்குச் சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் சர்க்கரையே வாங்காமல் இருந்தவள் அவள். இரண்டு தட்டையும் வழித்துச் சாப்பிட்டாள். முந்திரியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். நான் டம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.