கழுவி வைத்த மூன்று படிகள்

இந்த மலையில் காலையில் கதவைத் திறந்ததும் வாசலில் தண்ணீர் தெளிக்கக் கூடாது. அடுப்புச் சாம்பலை அள்ளிப் படியில் தூவ வேண்டும். நம் ஊரில் விடிந்த பிறகும் வாசல் காய்ந்து கிடந்தால் அந்த வீட்டுப் பெண்ணை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இங்கே வாசல் காய்வதே கிடையாது. மழை நின்றாலும் மஞ்சு மூட்டம் நிற்பதில்லை. படிக்கல்லில் இரண்டே நாளில் பாசி ஏறிவிடும். நாங்கள் வந்த முதல் வாரம் என் மனைவி ஞானம்மாள் ஊர் வழக்கப்படி தண்ணீர் தெளித்தாள், தெளித்த இடத்திலேயே வழுக்கி உட்கார்ந்தாள். பக்கத்து லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, ஆளுக்கொரு சட்டிச் சாம்பலோடு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மூன்று படிகள். அந்த மூன்று படிகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம், வேறொன்றுமில்லை.

சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் நான் டிரஸ்ஸர். காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, அட்டைக்கடிக்கும் வெட்டுக் காயத்துக்கும் கட்டுப் போடுவது என் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. மாதம் ஒரு நாள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடு லயங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கம்பு ஊன்றி நடக்கிறவர் யாராவது கண்ணில் பட்டால் 'வேலைக்கு ஆகாது' என்று நான் எழுதுவேன். எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் அவரைக் கீழே ஊரில் கொண்டு விட்டுவிட வேண்டும். லயத்து அறை வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் என்பது தோட்டத்துச் சட்டம். நான் அப்படி இரண்டு பேரை எழுதினேன். ஒரு கிழவரை மகன்கள் இருவரும் கம்பளியில் தூளி கட்டிப் போடிக்கு இறங்கும் பாதையில் இறக்கிக்கொண்டு போனதை மருந்தறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு கம்பும் என் கண்ணில் படவில்லை. என் வைத்தியத்தில் லயமே திடமாகிவிட்டது என்று துரையிடம் பெருமையடித்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

அம்மா இறந்த பிறகு தகப்பனாரை மேலே அழைத்து வந்தேன். நாங்கள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிச் சீமையில், தேரி என்கிற செம்மணல் மேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐயா பனையேறி. நாளுக்கு இரண்டு தடவை நாற்பது மரம் ஏறி இறங்கினவர். அங்கே மரத்திலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு. நடக்கும்போது விழுந்து எலும்பை முறித்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. விழுந்தாலும் மணல், தட்டிவிட்டு எழுந்து போகலாம். ஐயா மலைக்கு வந்தபோது கையில் முருக்குத்தடி இருந்தது. பனையின் அடியில் சாய்த்து, அதில் கால் வைத்துத்தான் மரம் ஏறத் தொடங்குவார்கள். அதையே இங்கே ஊன்றி நடந்தார். வந்த அன்றைக்கே ஞானம்மாளிடம் சொல்லிவிட்டார்: "தாயி, கோயில் அசனத்துக்கு நான் எறங்கிருவேன். என் கால்லயே எறங்குவேன். என்னைய யாரும் தூக்கிட்டுப் போற சோலி வேண்டாம்." அசனம் என்பது எங்கள் ஊர் வேதக்கோயிலில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் கூடி உண்ணும் விருந்து; அன்றைக்கு அம்மாவைப் புதைத்த மணலுக்குத் தானே நடந்து போய் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

எனக்கோ அந்தத் தடி கண்ணை உறுத்தியது. ஊரார் தகப்பன்மாரைக் கம்புக்காக இறக்கிவிட்டவன் வீட்டிலேயே ஒரு கம்பு. அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துத் தச்சர் கோவிந்தன் ஆசாரி வந்தார். தொடுபுழைப் பக்கத்து மலையாளி, அதிகம் பேசாதவர். படியில் நின்ற ஐயாவின் பக்கத்தில் மூங்கில் போன்ற ஓர் ஈற்றைக் கழியை நிறுத்தி, இடுப்புயரத்தில் கத்தியால் கீறினார். தோட்டத்தில் கிறிஸ்தவர்கள் இறந்தால் சவப்பெட்டி செய்கிறவரும் அவர்தான். உயிரோடு இருக்கிற மனிதருக்குப் பெட்டி அளவு எடுக்கிறான் என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. "சாறே, இது அச்சனு..." என்று, அப்பாவுக்கு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தவரை முடிக்க விடாமல் வெளியே போகச் சொன்னேன். அவர் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஐயா மட்டும், "எதுக்குல அவன வெரட்டுத? நல்ல மனுசன்லா" என்றார்.

அந்த மாதத்துச் சுற்று வந்தது. எங்கள் வீட்டு வழியாகத்தான் துரை லயத்துக்குப் போவார். சாம்பல் அசிங்கமாகத் தெரிகிறது, கழுவிவிடு என்று ஞானம்மாளிடம் சொன்னேன். "வழுக்குமேங்க" என்றாள். "சொன்னதைச் செய்" என்றேன். முருக்குத்தடியை விறகுக்கட்டுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"ஏல, என் தடிய எங்க?"

"இன்னைக்கு ஒருநா உள்ளயே இரிங்கய்யா. தொர வாராரு."

"வரட்டுமே. நான் என்ன களவா எடுத்தேன்?"

துரை வாசலுக்கு வந்தபோது ஐயா உள்ளே இருக்கவில்லை. பெரிய மனிதர் வந்தால் எழுந்து வந்து கும்பிடுவதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை. கும்பிட்ட கையோடு படியிறங்கினார். இரண்டாவது படியில் கால் போய்விட்டது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்.

துரை திரும்பிப் பார்த்து, "யார் இது?" என்று தமிழிலேயே கேட்டார்.

"ஊர்ல இருந்து வந்த பெரியவர், சார். அடுத்த வாரம் இறங்கிடுவார்" என்றேன்.

அப்பா என்ற சொல் வாயில் வரவில்லை. ஐயா தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்தார். வலியில் முகம் சுருங்கியிருந்தது, ஆனாலும் என்னைத்தான் பார்த்தார். துரை தலையசைத்துவிட்டு நடந்தார். நானும் அவர் பின்னால் போனேன். ஆம், போனேன். ஐயாவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியது ஞானம்மாளும், சத்தம் கேட்டு ஓடிவந்த ஆசாரியும்.

சாயங்காலம் லயத்திலிருந்து சுப்பம்மாள் என்ற மூத்த கிழவி வந்தாள். கையில் கம்பு! நான் பார்ப்பதைக் கண்டு அவள் அதை மறைக்கவில்லை. "என்ன பாக்கீய டிரஸ்ஸரய்யா? நீங்க சுத்தி வார அன்னிக்கு எங்க கம்பெல்லாம் ஏலச்செடிக்குள்ள கெடக்கும். செவுத்தப் புடிச்சிக்கிட்டு நிப்போம். ஒங்க அய்யாவுக்கு அது தெரியாமப் போச்சே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் இரக்கப்பட்டுச் சொன்னாள். அவள் போன மாதம் முழங்காலில் அடிபட்டு வந்ததும், அதற்கு முன் ஒருத்தி மணிக்கட்டு முறிந்து வந்ததும் நினைவுக்கு வந்தன. இரண்டும் நான் சுற்றி வந்த நாட்களில் நடந்தவை. கட்டுப் போட்டவன் நான்தான், விழ வைத்தவனும் நான்தான்.

மறுநாள் ஆசாரி அந்த ஈற்றைக் கழியோடு மறுபடி வந்தார். படியோரம் இரண்டு கால் நட்டு, கீறின உயரத்தில் கழியை வைத்துக் கட்டினார். "அச்சனு பிடிக்கான்", அப்பா பிடித்துக்கொள்ள, என்று ஐயாவைக் காட்டினார். கைப்பிடி! அன்றைக்கு நான் துரத்தியது அதைத்தான். ஐயா இறங்கிவிட்டாரா என்று துரை மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து ஐயா எழுந்து, அந்தக் கழியைப் பிடித்து முதல் படி வரைக்கும் வந்தார். அதற்கு மேல் முடியவில்லை. அசனம் வந்து போனது. தூக்கிக்கொண்டு போகிறேன் என்று கெஞ்சினேன். "ஊர்ல இருந்து வந்த விருந்தாளிய எதுக்குலே தூக்கிச் செமக்கணும்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த மழைக்காலத்தில் இறந்தார். இந்தக் களிமண்ணில்தான் புதைத்தோம்.

அதற்குப் பிறகு நான் யாரையும் கம்புக்காக எழுதவில்லை. இதைப் புண்ணியமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை. துரையிடம் எதிர்த்துப் பேசவும் இல்லை, எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். ஊரிலிருந்து பெற்றவர்களை மலைக்கு அழைத்து வருகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: படியில் சாம்பல் போடுங்கள், பிடிக்க ஒரு கழி கட்டுங்கள், யார் வந்தாலும் அவர்கள் கையிலிருக்கும் கம்பை வாங்கி வைக்காதீர்கள்.

போன அசனத்துக்கு ஊருக்குப் போனேன். அண்ணன் வீட்டில் விடியற்காலம் மதினி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். ஈரத்தைக் கண்டதும் என் கால் கதவருகிலேயே நின்றுவிட்டது. வலது கை, அங்கே இல்லாத கழியைத் தேடிக் காற்றில் துழாவியது. படியே இல்லாத வீடு அது. "என்ன கொழுந்தனாரே, கெழவனாயிட்டியளா?" என்று மதினி சிரித்தாள். நான் கொண்டுபோன முருக்குத்தடியை எடுத்துக்கொண்டு ஐயா ஏறின பனை ஒன்றுக்குப் போனேன். இப்போது அந்த மரத்தை ஏறுகிறவன் எனக்கு முகம் தெரியாத இளவட்டம். தடியை அடியில் சாய்த்து வைத்ததும் அவன் மேலேயிருந்து கேட்டான்.

"யாரு தடி அண்ணாச்சி அது?"

"எங்க ஐயாவோடது" என்றேன். தேரி முழுக்கக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது; அவன் பயந்துபோய் மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.