பாரமானதா, இலேசானதா

நான் புலம்பெயர்ந்து வாழும் ரண்டர்ஸ் நகரில், நான் போகும் துப்பாக்கி சுடும் கழகத்தில் இன்னொரு தமிழரும் இருந்தார். எந்த உதிரிப்பாகத்தையும் கைக்குட்டையால்தான் தொடுவார். வன்னியில் போர் முடிந்த வாரம், தன் ரைபிளுக்கு இரண்டு போல்ட் கேரியர்கள் கொண்டுவந்தார். ஒவ்வொரு சூட்டுக்கும் உள்ளே முன்னும் பின்னும் ஓடும் இரும்புத் துண்டு அது.

“இலேசானது கெதியா ஓடும். பாரமானது தோளிலை இடிக்காது. எதைப் போட?”

“தெரியேல்லை அண்ணை.”

“உன்ரை தம்பி இயக்கத்திலைதானே? அவனைக் கேளன்.”

“மூண்டு கிழமையா அவன்ரை செய்தியே இல்லை.”

“அப்ப இனிக் கேக்கேலாது” என்றார்.

பாரமானதைப் பொருத்தி ஐந்து முறை சுட்டார். ஐந்தும் நடுவில் பட்டன. இலக்குத் தாளைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “பாத்தியே, இடிக்கேல்லை.”

முகத்தில் ஏளனம் இல்லை; இரக்கமும் இல்லை. அந்தத் தாள் என் நாட்குறிப்பில் இருக்கிறது. தம்பியைப் பற்றிய கடைசிப் பதிவும் அதே பக்கத்தில்தான்.