பரலோகத்துக்கு முந்திய கல்யாணம்

பெம்பான் தோட்டத்துக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற சந்திராதேவியைத் தோட்டத்து ஜனங்கள் ‘மிஸ்ஸி’ என்றே கூப்பிட்டார்கள். தம்பி தங்கைகளைப் படிக்கவைத்துக் கரையேற்றியதில் அவருடைய கல்யாண வயது ஓடிவிட்டது. அதற்காக அவர் மூக்கைச் சிந்தி யாரும் பார்த்ததில்லை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி மலாக்கா டவுனுக்கு வந்து, ஆலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுவார்.

பின்வரிசையில் விஜயரட்ணம். நில அளவை ஆபீசில் வரைபடம் வரைந்தவர், டவுனை ஒட்டிய தெங்கேராவில் தனிக்கட்டை. பாட்டில் மட்டும் கணீரென்ற குரல், பேச்சில் அது வராது. ஆராதனை முடிந்ததும் சந்திராதேவியை பஸ் நிலையம்வரை கொண்டுவந்து விடுவார். மழையையும் மீன் விலையையும் தாண்டிப் பேச்சுப் போனதில்லை. இப்படியே பல வருஷங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கில் விஜயரட்ணத்துக்கு ஈரலில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். கிறிஸ்துமஸைத் தாண்டுவது சந்தேகம். அந்த வாரம் பஸ் நிலையத்தில் அவர் குடையை மடக்கிக்கொண்டே, இத்தனை காலமும் மனதில் இருந்ததைச் சொன்னார்.

சந்திராதேவிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “இவ்வளவு காலமும் வாயில என்ன கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்?”

“சாகப்போறவன் கேக்கக் கூடாதுதான். தெரியட்டும் எண்டு சொன்னன். எப்பிடியும் பரலோகத்தில சந்திப்பம்.”

“அங்க கல்யாணம் இல்லையெண்டு வேதத்திலேயே இருக்கு. செய்யிறதெண்டால் இங்கதான் செய்யவேணும்.”

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

தம்பி நகுலன் பதறிப்போய் வந்தான். “அக்கா, தெரிஞ்சுகொண்டே தாலியறுக்கப் போறியளோ?”

“எல்லாக் கல்யாணமும் ஒருநாள் சாவிலதான் முடியும் தம்பி. சாவுக்குப் பிறகு என்ன எண்டு எனக்குத் தெரியும். பிறகென்ன பயம்?”

நகுலன் முணுமுணுத்துக்கொண்டே பந்தல்காரனைத் தேடிப்போனான். கல்யாணத்தன்று பெம்பானிலிருந்து ஒரு லாரி நிறைய ஜனம் வந்து இறங்கியது. அவர்களில் ஒருத்தியான இருசம்மாள் மாரியம்மனுக்குத் தொடுப்பதுபோல மல்லிகையைத் தொடுத்து வந்து, “நம்ம மிஸ்ஸிக்கு நான்தான் வைப்பேன்லா” என்று ஆலய வாசலிலேயே தலையில் சூட்டினாள். பாட்டில் கீழ்க்குரலுக்கு ஆள் குறைந்தபோது மாப்பிள்ளையே பீடத்தடியில் நின்று பாடினார். போதகருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. விஜயரட்ணம் போகவில்லை. அடுத்த துரியான் காலத்தையும் பார்த்தார். டாக்டருக்கு ஆச்சரியம். சந்திராதேவிக்கோ அவருடைய பேச்சை நிறுத்த வழி தெரியவில்லை. சேர்த்துவைத்ததையெல்லாம் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை பேசினார். உப்புக்காகச் சண்டைகூடப் பிடித்தார்கள்.

பிறகு உடம்பு மளமளவென்று இறங்கியது. ஒரு மாலையில் அவர், “பயமாக் கிடக்கு சந்திரா” என்றார். எத்தனையோ பேரின் கடைசி மூச்சைப் பார்த்தவர் சந்திராதேவி. பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை.

“என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பயப்படுங்கோ. நான் விடுற இடத்தில ஆண்டவர் பிடிப்பார்.”

இரண்டு நாள் கழித்து, காலைக் கஞ்சியைப் பாதி குடித்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்தபடியே அவர் போனார். அடக்கத்துக்குச் சந்திராதேவி கல்யாணத்துக்குக் கட்டிய நீலப் புடவையிலேயே வந்தார். முன்வரிசையில் நின்று பாடினார். இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்தது, அழுதார். மூன்றாவதில் மறுபடி சேர்ந்துகொண்டார்.

அடுத்த ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. அக்கா தாங்குவாளோ என்று பயந்து நகுலன் பக்கத்திலேயே நின்றான். வானம் வெளுத்தது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று போதகர் சொன்னதும், “மெய்யாகவே எழுந்தார்” என்று எல்லாருக்கும் முந்திச் சந்திராதேவியின் குரல்தான் கேட்டது. சபைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபம் முடிந்ததும் அவர் கணவரின் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார்.

“வாங்கோ பிள்ளையள், இடியப்பம் ஆறுது” என்றார்.