கல்லில் செத்தவரின் கொள்ளுப்பேரன்

ஹாய்ட் கிரிம்ஸ்லி பேசிக்கொண்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரிவது இரண்டு பூட்ஸ் கால்கள்தான். மீதி ஆள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள் கிடக்கிறார். சொல்வது முக்கியமான விஷயம் என்றால் ஸ்பானரால் குழாயை ஒரு தட்டுத் தட்டுவார். ரொம்ப முக்கியம் என்றால் இரண்டு. வீட்டுக்காரம்மா அடுப்படியில் நின்றபடி அந்தக் கால்களைப் பார்த்துத் தலையாட்டுவார். கால்களும் பதிலுக்கு ஆடும்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகத்தைவிட அவருடைய பூட்ஸின் அடிப்பாகம்தான் நன்றாக அடையாளம் தெரியும். வயது ஐம்பத்தெட்டு. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. இருக்கும் ஒரே சொந்தம் வெர்னா அக்கா. ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்ததும் அக்கா வீட்டில் பொரித்த கோழி, வெண்ணெய் அவரை, வாழைப்பழப் புட்டிங். அந்த ஒரு சாப்பாட்டை வைத்துத்தான் அவருடைய வாரம் ஓடும்.

எதற்கும் அவரிடம் ஒரே வாக்கியம் உண்டு. "ஒழுகுறது ஒரு எடம், ஈரம் ஒரு எடம்." பள்ளிக் கால்பந்து அணி தோற்றாலும் அதுதான். பாதிரியாருக்கும் பாட்டுக் குழுவுக்கும் சண்டை வந்தாலும் அதுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எழுத்து என்று எங்கே இருந்தாலும் படித்துவிடுவார். படுத்துக்கொண்டே வேலை பார்ப்பவர் ஆதலால், நாம் யாரும் பார்க்காத எழுத்துகள் அவர் கண்ணில் படும். சோப்புப் பெட்டியின் அடிப்பக்கம், வெந்நீர்த் தொட்டியின் எச்சரிக்கை, எலிமருந்து டப்பாவின் பொடி எழுத்து. "உங்க வீட்டு எலிமருந்து எட்டு வருஷத்துக்கு முன்னாடியே காலாவதி ஆயிடுச்சுங்க. எலிங்க அதைத் தின்னுதான் கொழுத்திருக்கு" என்று அலமாரிக்குள்ளிருந்து குரல் வரும்.

இந்தப் பழக்கம்தான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

எங்கள் கோர்ட்டு மைதானத்தில் ஒரு கல் சிப்பாய் நிற்கிறார், இல்லை, நின்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்ட தெற்குப் படைக்காகச் செத்த ஊர்க்காரர்களுக்காக 1908இல் வைத்த சிலை. அதை வைத்து ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து மூன்று வருடம் ஆகிவிட்டது: எடு கட்சி, விடு கட்சி. எடு கட்சிக்குத் தலைவி எர்னஸ்டின் அம்மா. மைதானத்துக்கு எதிரே பத்து இயந்திரங்களோடு சலவைக் கடை வைத்திருக்கும் கறுப்பினப் பெண்மணி. விடு கட்சிக்குத் தலைவி நம் வெர்னா அக்காவேதான். இரண்டு பேர் வீட்டுக் குழாய்க்கும் ஹாய்ட்தான் ஆள். ஆகவே அவர் எந்தக் கட்சி என்று கேட்டால், "நான் தரைக்கு அடியில இருக்கேன்" என்று சொல்லித் தப்பித்து வந்தார்.

ஏப்ரலில் சிலைப் பீடத்தின் ஓரத்துத் தோட்டக் குழாய் ஒழுகியது. ஹாய்ட் அசேலியாப் பூப்புதருக்குள் வழக்கம்போல் இடுப்பு வரை நுழைந்தார். நூறு வருடமாகப் புதர் மறைத்திருந்த பீடத்தின் கடைசி வரிசை, அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. படித்தார். ஏசா கிரிம்ஸ்லி, சிக்கமாகா போர்க்களத்தில் வீழ்ந்தவர், 1863.

பூட்ஸ் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. அன்றைக்கு மைதானத்தைக் கடந்து போனவர்கள், பாம்பு ஏதும் கடித்துவிட்டதோ என்று பயந்தார்களாம்.

ஏசா கிரிம்ஸ்லி அவருடைய கொள்ளுத்தாத்தா. பழைய இடுகாட்டில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. அதையும் ஹாய்ட் எப்போதோ படித்திருக்கிறார்: பிறப்பு 1842, இறப்பு 1911. சிக்கமாகா சண்டைக்கு நான்கு நாள் முன்பு படையை விட்டு ஓடி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாமனார் பண்ணையில் ஒளிந்து, ஒன்பது பிள்ளை பெற்றவர். இந்தக் கதையை ஹாய்ட்டின் அப்பா ஒரே ஒரு முறை, விஸ்கி உள்ளே போனபோது சொல்லியிருக்கிறார். சிலை வைத்த ஊர்ச் சீமாட்டிகள், ஏசா ஆற்றுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருப்பது தெரியாமல், பழைய படைப் பட்டியலைப் பார்த்துப் பேர் செதுக்கிவிட்டார்கள். இரண்டு கல்லும் இரண்டு மைல் தள்ளி இருந்தன. இரண்டையும் படித்த ஆள் இதுவரை ஊரில் கிடையாது.

ஹாய்ட்டுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு வாரம் எல்லார் வீட்டுத் தொட்டிக்கு அடியிலும் இதே பேச்சுதான்.

"ஒண்ணு அந்தக் கல்லு பொய் சொல்லணும், இல்லாட்டி நான் பொறக்கவே இல்ல!" டங், டங்.

வெர்னா அக்காவுக்கு மட்டும் சந்தோஷம் இல்லை.

"அது வேற ஏசாடா. ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தர் அதே பேர்ல இருந்தாரு."

"யாருக்கா அந்தத் தம்பி? அவருக்குக் கல்லறை எங்க?"

"ஓடிப்போனவன் வம்சம்னு ஊர் முழுக்கச் சொல்லப் போறியா? அம்மா கடைசி வரைக்கும் வாயத் தெறக்கல. செலையப் பத்திப் பேச மாவட்ட மன்றம் கூடறப்ப நீ போய் நின்னியோ, ஞாயித்துக்கெழமை இந்தப் பக்கம் வராதே. கோழியை நாய்க்குப் போடுவேன், உனக்குப் போட மாட்டேன்."

அக்கா சொன்னால் செய்வார். ஹாய்ட் அடுத்த இரண்டு நாள் குழாயைத் தட்டவே இல்லை.

மூன்றாம் நாள் எர்னஸ்டின் அம்மாவின் கடையில் ஏழாம் நம்பர் இயந்திரம் தண்ணீரைக் கக்கியது. ஹாய்ட் அதற்குப் பின்னால் ஊர்ந்து போய்ப் படுத்தார். சும்மா இருக்க முடியவில்லை.

"எர்னஸ்டின்ம்மா, எனக்கு அந்த ஒத்தப் பேரை மட்டும் எடுத்தாப் போதும். அக்காவும் கோவிச்சுக்க மாட்டா. ஓரமா ஒரு உளி வெச்சு ஒரு தட்டு."

எர்னஸ்டின் அம்மா துண்டுகளை மடித்துக்கொண்டே சொன்னார். "ஏம்பா ஹாய்ட், உன் கொள்ளுத்தாத்தா ஓடி வந்தாரு. மாமியா வீட்டுல சோறு போட்டாங்க. அடிமையா இருந்த எங்க கொள்ளுத்தாத்தாவும் ஓடினாரு. நாயை விட்டுத் தொரத்தினாங்க. தொரத்தினவனுக்கு வெச்ச செலைதான் அது. தெனமும் கடையத் தெறக்கறப்ப அவன் மூஞ்சிலதான் முழிக்கிறேன். உங்க ஆளு பேரு அதுல தப்பா ஏறிடுச்சுங்கிற. மத்ததெல்லாம் சரியாத்தானே ஏறியிருக்கு?"

இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"அந்த டார்ச்சைக் கொஞ்சம் குடுங்கம்மா."

"என்னத்தைத் தேடற?"

"ஈரத்தைப் பாத்துட்டேன். ஒழுகற எடத்தைத்தான் தேடறேன்."

மாவட்ட மன்றக் கூட்டம் மாதத்தின் மூன்றாம் செவ்வாய், மாலை ஆறு மணி. பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. அட்லாண்டாவிலிருந்து தொலைக்காட்சி வேன் ஒன்று வந்திருந்தது. ஹாய்ட் வாசலில் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டார். உலோகச் சோதனைக் கருவி கத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பையிலிருந்தும் ஸ்பானர், வாஷர், திருகாணி, அரை முழக் குழாய் என்று எடுத்து வைக்க வைக்க, வரிசையில் நின்ற இரண்டு கட்சிக்காரர்களும் கை தட்டினார்கள். அந்த மூன்று வருடத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

மேடை ஏறியதும் அவர் முகத்தைக் கண்டு சிலர் திகைத்தார்கள். முழு ஆளாக அவரைப் பார்ப்பது அவர்களுக்குப் புதிது.

"என் பேரு ஹாய்ட் கிரிம்ஸ்லி. உங்க எல்லார் வீட்டுக் கக்கூசும் எனக்குத் தெரியும்."

சிரிப்பு அடங்க அரை நிமிடம் ஆனது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எங்க கொள்ளுத்தாத்தா ஏசா 1863ல செத்துட்டாருன்னு மைதானத்துக் கல்லுல போட்டிருக்கு. எங்க தாத்தா பொறந்தது 1886. அதாவது, செத்து இருபத்துமூணு வருஷம் கழிச்சுப் புள்ள பெத்திருக்காரு. அவ்வளவு வீரம் எங்க குடும்பத்துல அதுக்கப்புறம் யாருக்கும் இல்லீங்க."

எர்னஸ்டின் அம்மா கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. விடு கட்சி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "வரலாத்த அழிக்காதே!" என்று கத்தினார்.

"நான் எங்கங்க அழிக்கிறேன்? நான்தாங்க வரலாறு. நேத்து உங்க வீட்டு அடைப்பை எடுத்தது யாருன்னு நெனச்சீங்க?"

மன்றத் தலைவர் மேசையைத் தட்டினார், ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் தட்டினார். ஹாய்ட் சிரிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் வெர்னா அக்கா குடும்ப பைபிளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு ஏன் ஓடி வந்தாருன்னு எனக்குத் தெரியாது. பயமா இருக்கலாம், பசியா இருக்கலாம். நியாயம் பாத்துத்தான் ஓடினாருன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு அத்தாட்சி இல்ல. அவரு பேரை மட்டும் எடுங்கன்னு கேக்கத்தான் மொதல்ல நெனச்சேன். ஆனா ஒரு மூட்டு மட்டும் ஒழுகலீங்க. குழாயே போடக் கூடாத எடத்துல போட்டிருக்கு. கோர்ட்டு வாசல்ல. நியாயம் கேட்டு வர்ற ஒவ்வொருத்தரும் அதைத் தாண்டித்தான் உள்ள போகணும். அதை எடுத்துடுங்க."

சிவப்பு விளக்கு. இறங்கிவிட்டார்.

அடுத்த பேர் வெர்னா அக்காவுடையது. எல்லாக் கூட்டத்துக்கும் அந்தப் பெரிய பைபிளை எடுத்து வருவார், ஆனால் ஒருபோதும் திறந்ததில்லை. "என் தம்பி நல்லவன். தலைக்குத் தண்ணி ஏறிடுச்சு, அவ்வளவுதான்" என்று ஆரம்பித்தார். "ஏசான்னு ரெண்டு பேரு இருந்தாங்க."

எர்னஸ்டின் அம்மா இருந்த இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னார். "பொறப்பு இறப்பெல்லாம் அதுலதானே எழுதுவாங்க வெர்னாம்மா. படிச்சுடுங்களேன்."

பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் குடும்பக் குறிப்புக்கென்று தாள்கள் இருக்கும். அந்தக் குடும்பத்தில் அவற்றில் இரண்டு தாள்களைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். வெர்னா அக்கா நாற்பது வருடம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர். குண்டூசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சள் விளக்கு எரிந்தது. ஊசி துருப்பிடித்து ஒட்டியிருந்ததால் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. படித்தார். வாய்க்குள்ளேயே படித்தார்.

"ஒரு ஏசாதான்" என்றார் ஒலிபெருக்கியில். பைபிளை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நேராக வாசலுக்கு நடந்தார். ஹாய்ட் எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றுக்கு இரண்டு என்று வாக்கு விழுந்தது. சிலையைக் கோர்ட்டிலிருந்து எடுத்துப் பழைய இடுகாட்டில் வைப்பது என்று முடிவானது. "உருக்கி ஊத்தச் சொன்னேன், ஊர்கோலம் விடறாங்க. கல்லை உருக்க முடியாதாம்!" என்றார் எர்னஸ்டின் அம்மா. ஆனாலும் சிலை போன நாள் சலவை இலவசம் என்று பலகை எழுதி மாட்டினார். கல் சிப்பாயை மெத்தை சுற்றி லாரியில் படுக்கவைத்து, நடக்கிற வேகத்தில் கொண்டுபோனார்கள். அழுக்கு மூட்டையோடு வரிசையில் நின்ற கூட்டம் சோப்பு நுரைக் கையை ஆட்டியது. விடு கட்சிக்காரர்கள் இரண்டு பேர்கூட விறைப்பாக முகத்தை வைத்துக்கொண்டு, போர்வைகளோடு அந்த வரிசையில் நின்றார்கள்.

இடுகாட்டில் காலியாக இருந்த இடத்தைப் பொறியாளர் அளந்து குறித்திருந்தார். அது ஏசா கிரிம்ஸ்லியின் கல்லறைக்குச் சரியாகப் பதினோரு அடி தள்ளி இருந்தது. 1863இல் செத்தவர் ஒரு பக்கம், 1911இல் செத்தவர் எதிர்ப்பக்கம், ஒருவரையொருவர் பார்த்தபடி. யாரும் கவனிக்கவில்லை. கவனித்த ஒரே ஆள் வேலிப் பக்கம் நின்று, சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்றார் எர்னஸ்டின் அம்மா.

"யாரும் கேக்கலையேம்மா" என்றார் ஹாய்ட், விக்கலுக்கு நடுவே.

சிரிப்பெல்லாம் சனிக்கிழமை வரைக்கும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வண்டி அக்கா வீட்டுத் தெருமுனை வரை போகும், கொஞ்ச நேரம் நிற்கும், திரும்பிவிடும். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கடையில் வாங்கிய ரொட்டியைத் தின்பார். ஏழு ஞாயிறுகள் இப்படிப் போயின.

எட்டாவது ஞாயிறு நடுப்பகலில் அவர் இடுகாட்டில் இருந்தார். சிலைப் பீடத்தின் முன்னால், கடைசி வரிசைக்கு நேராக, ரப்பர் முழங்கால் காப்புகளைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தார். கையில் கசிவை அடைக்கும் பட்டிக் களிம்பு ஒரு டப்பா. ஒரு விரல் எடுத்து, உருட்டி, ஏசா என்ற பேரின் முதல் எழுத்துப் பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். மற்ற பேர்களைத் தொடவில்லை. ஞாயிறு உடுப்பும் தொப்பியுமாக வெர்னா அக்கா இடுகாட்டு வாசலில் காரை விட்டு இறங்கிப் புல்வழியே வந்து, அவருக்குப் பின்னால் நின்றார். வெகு நேரம் நின்றார்.

"கோணலாப் பூசற."

"எழுத்தே கோணல்க்கா."

"கடைசி எழுத்துல பாதி இன்னும் தெரியுது."

ஹாய்ட் திரும்பிப் பார்க்கவில்லை. இடது முழங்காலிலிருந்த காப்பின் வாரை அவிழ்த்துக் கழற்றினார். அதைத் தன் பக்கத்தில், ஈரப் புல்லின் மேல், மெத்தென்ற பக்கம் மேலே தெரியும்படி வைத்தார்.