பதினான்காவது பெயர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதப் பௌர்ணமியன்று காலையில் திருவண்ணாமலையில் நடந்தது இது. வேங்கிக்கால் தாண்டி, முன்பு நிலக்கடலை போட்டிருந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்ற புது நகர் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். நான் வீட்டில் இருப்பவள். ஆனால் தெருவில் எந்தப் பிரச்சினை என்றாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மோட்டார் எரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு முறை மனு கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிடுவது என்று பெண்களெல்லாம் சேர்ந்து முடிவு செய்தோம். எந்த நாள் என்று பேச்சு வந்தபோது, பௌர்ணமியன்று உட்காரலாம் என்று சொன்னது நான்தான். கிரிவலத்துக்கு ஊர் ஊராகப் பஸ் வரும் நாள். மற்ற நாளில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் எட்டிப் பார்க்காத அதிகாரிகள், அன்றைக்கு மூன்று நிமிடத்தில் ஓடி வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். எல்லோரும் என் மூளையை மெச்சினார்கள்.

என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஓடித்தான் வந்தார்கள். ஆனால் சமாதானம் பேச வரவில்லை. அரை மணி நேரத்தில் பஸ்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றுவிட்டன. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எங்களைத் திட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வந்ததும், "வருஷத்துல எத்தனை நாள் இருக்கு, இன்னிக்குத்தான் உங்களுக்கு நாள் கெடைச்சுதா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் காத்திருக்கவில்லை. பதினான்கு பேரையும் வேனில் ஏற்றிவிட்டார்கள். குடங்கள் ரோட்டோரத்திலேயே கிடந்தன.

இந்த மாதிரி ஆட்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, பெயர் எழுதிக்கொண்டு, மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. அதனால் எங்களில் யாரும் பயப்படவில்லை. எங்களை உட்கார வைத்த மண்டபத்தில் முந்தின நாள் வரவேற்பின் பூ அலங்காரம் மேடையில் அப்படியே இருந்தது. பெண்கள் அதன் கீழே நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது இளையவள். பிறந்தது பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பெயர் எழுதும் பெண் போலீஸ் எங்கள் வரிசைக்கு வந்தபோது அவள் என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, வேற பேரு குடுத்துடலாங்களா? பரீட்சை எழுதறேன், பின்னால ஏதாவது ஆகிடப்போவுது."

"நாம என்ன திருடினோமா? தண்ணிதானே கேட்டோம். தைரியமா உன் பேரையே சொல்லு" என்றேன்.

அவள் தன் பெயரையும், அப்பா பெயரையும், கதவு எண்ணையும் சுத்தமாகச் சொன்னாள். நானும் சொன்னேன்.

மூன்று மணி இருக்கும். என் கொழுந்தனார் வந்தார். பெரிய ஆட்களைத் தெரிந்தவர், கட்சியில் சின்னப் பொறுப்பில் இருப்பவர். இன்ஸ்பெக்டரிடம் ஓரமாக நின்று ஏதோ பேசினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, சமையல்கட்டு வழியாகப் பின்வாசலுக்கு நடக்கச் சொன்னார். நான் எதற்கு என்று கேட்கவே இல்லை. எதிர்வீட்டுப் பெண் என்ன ஆச்சு என்று பார்வையால் கேட்டாள். தலை சுற்றுகிறது, பி.பி. ஜாஸ்தியாகிவிட்டது போல என்று நெற்றியில் கைவைத்துக் காட்டினேன். "பாத்துப் போங்கக்கா. எங்க பையன் வந்தான்னா சாப்பாடு மட்டும் குடுத்துடுங்க" என்றாள்.

பைக்கில் வரும்போதுதான் கொழுந்தனார் விஷயத்தைச் சொன்னார்.

"கேஸ் போடறாங்க அண்ணி. பௌர்ணமி அன்னிக்கு ரோட்டுல உக்காந்தா சும்மா விட்டா, எல்லாரும் இதையே பண்ணுவாங்கன்னு மேலேருந்து சொல்லிட்டாங்களாம். உங்க பேரை எடுத்தாச்சு. அண்ணன் கவர்மென்ட் வேலைல இருக்காரில்ல. வெளிய சொல்லாதீங்க, அப்புறம் எல்லாரும் என்கிட்ட வந்து நிப்பாங்க."

நான் சொல்லவில்லை. அவர் தடுத்ததால் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். பௌர்ணமியன்று உட்காரலாம் என்று சொன்னவள் நான். அந்த நான் பின்வாசல் வழியாக நழுவிவிட்டேன் என்று தெரிந்தால் தெருவில் என் மரியாதை என்னாகும்? அதுதான் காரணம். மற்ற பதின்மூன்று பேரும் ஐந்தரை மணிக்குச் சிரித்துக்கொண்டே ஊர்வலம் மாதிரி திரும்பி வந்தார்கள். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். நான்காம் நாள் புது மோட்டார் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு எல்லோரும் என்னைக் கும்பிடாத குறைதான். நானும் அதையெல்லாம் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் எதிர்வீட்டுப் பெண் தேர்வில் தேறினாள். ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். வேலையில் சேர்வதற்கு முன் போலீஸ் விசாரணைக்குக் கொடுக்க வேண்டிய படிவம். அதில் ஒரு கேள்வியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கேஸ் ஏதாவது இருக்கானு கேட்டிருக்காங்கக்கா. அன்னிக்கு மண்டபத்துல பேரு எழுதினாங்களே, அது கேஸ் ஆகியிருக்காதுங்களே?"

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பித் தீயைக் குறைத்தேன். யோசிக்க எனக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது. கேஸ் இருக்கிறது என்றால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அப்புறம் பின்வாசல் கதை வெளியே வரும்.

"மண்டபத்துல வச்சு விட்டாங்கன்னா அதோட முடிஞ்சுதும்மா. யாரு மேல கேஸ் போட்டாங்க? இல்லைனு எழுது" என்றேன்.

என் வீட்டு மேஜையில், என் பேனாவை வாங்கித்தான், 'இல்லை' என்று எழுதினாள். போகும்போது சர்க்கரை எடுத்து என் வாயில் போட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்குக் கடிதம் வந்தது. வழக்கு இருப்பதை மறைத்துத் தவறான தகவல் கொடுத்ததால் அவளை வேலைக்குத் தேர்வு செய்தது ரத்து என்று. அவள் அழுததை எங்கள் வீட்டு வராந்தாவிலிருந்தே கேட்டேன். உடனே போகவில்லை. மறுநாள்தான் போனேன். அவளும் கணவரும் அதற்குள் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். வக்கீல் சொன்னதை அவள் கணவர் என்னிடம் அப்படியே சொன்னார்: "தண்ணி கேட்டு உக்காந்த கேஸு, இருக்குதுனு எழுதியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதாம்மா. இல்லைனு எழுதினதுதான் தப்பாப் போச்சாம்."

தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து அவளே வந்தாள். கையில் முதல் தகவல் அறிக்கையின் நகல். வக்கீல் வாங்கிக் கொடுத்திருந்தார். பெயர்ப் பட்டியல் இருந்த பக்கத்தை என் முன்னால் விரித்தாள். பதின்மூன்று பெயர்கள். என்னைத் தவிர, தெருவிலிருந்து போன எல்லோரும் இருந்தார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் முன்னாடியே வந்துட்டேனே, அதனால விட்டிருப்பாங்க" என்றேன். நான் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொன்னது எனக்கே கேட்டது.

"நான் ஃபார்ம் எடுத்துனு வந்தப்ப, கேஸ் இருக்கறது உங்களுக்குத் தெரியுங்களாக்கா?"

"சத்தியமா தெரியாதும்மா."

"சரிங்கக்கா" என்று தாளை மடித்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதன் பிறகு அவள் என் வீட்டுப் படி ஏறவில்லை. அடுத்தவர்களிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதாகவும் காதில் விழவில்லை.

இப்போது அவள் வேங்கிக்காலில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். குறைதீர்க்கும் நாளில் வருகிறவர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுக்கிறாள். நன்றாக எழுதுகிறாள் என்று பெயர். அந்த வழக்குக்கு இன்னும் வாய்தா போய்க்கொண்டிருக்கிறது. வாய்தா நாளில் பதின்மூன்று பேரும் இரண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். அந்த நாளில் நான் வாசல் பக்கம் வருவதில்லை.

போன வாரம் எங்கள் நகருக்குச் சாலை போடவில்லை என்று ஆர்ப்பாட்டம் நடத்தப் பேசினார்கள். முன்னால் நிற்க என்னைக் கூப்பிட்டார்கள். முடியாது என்றேன். உடம்பு சரியில்லை என்று அதே பொய்யைத்தான் சொன்னேன். போராட்டம் தப்பு என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் ரோட்டில் உட்காராமல் இருந்தால் இன்றுவரை தண்ணீர் வந்திருக்காது. முன்னால் நிற்பதற்கு உரிய ஆள் நான் இல்லை, அவ்வளவுதான்.

இதை உங்கள் பத்திரிகைக்கு எழுதி முடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போடப் போனேன். பிறகு, பெயர் வேண்டாம், 'ஒரு வாசகி' என்று போட்டால் போதும் என்று எழுதி அனுப்புகிறேன்; அவள் பெயர் மட்டும் அப்பா பெயரோடும் கதவு எண்ணோடும் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது.